பழைய கணிப்பொறியில் வன்தட்டு காணாமற் போவது ஏன்?

பள்ளிகளிலும் கள அலுவலகங்களிலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வாங்கப்பெற்ற கணிப்பொறிகள் பல இன்றும் பணிபுரிந்து வருகின்றன. பள்ளிகளுக்கான மைய அரசின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் திட்டம் 2004 டிசம்பரில் தொடங்கப்பெற்று, 2010-இல் திருத்தியமைக்கப்பட்டது. அவ்வாண்டுகளில் விற்பனைக்கு வந்த கணிப்பொறிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டைப் பொறியின் ஏனைய பாகங்களோடு இணைக்கும் முறை அடியோடு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய முறை முற்றும் மறையவில்லை. புதிய முறை முற்றும் நிலைபெறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே பிறந்த கோளாறு ஒன்று அக்கணிப்பொறிகளை இன்றும் விட்டபாடில்லை.

கோளாறு தோன்றும் விதம் பெரும்பாலும் ஒன்றேயாகும். நேற்று மாலை வரை ஒழுங்காக இயங்கிய பொறி, இன்று காலை விண்டோஸின் சின்னத்தை ஒரு கணம் காட்டிவிட்டு நீலத்திரையில் வெள்ளை எழுத்துக்களோடு நின்றுவிடுகிறது. அவ்வெழுத்துக்களின் கீழே காணும் நீண்ட எண் ‘7பி’ என்று முடிகிறது. வைரஸ் உண்டா என்று பார்க்கும்படியும், புதிதாகப் பூட்டிய தட்டுக்களை அகற்றும்படியும், தட்டிற் பழுதுண்டா என்று சோதிக்கும்படியும் திரை அறிவுரை கூறுகிறது. இதைப் படிப்பவர் தட்டு கெட்டுவிட்டது என்றே முடிவு செய்வர். பழுது பார்க்க வருபவரும் பல சமயங்களில் அவ்வாறே எண்ணித் தட்டை ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பொறி மீண்டும் இயங்குகிறது. பல ஆண்டுகளின் மழையளவுக் குறிப்புக்களும், மண் பரிசோதனைப் பட்டியல்களும், மாணவர் மதிப்பெண் பதிவேடுகளும் அதனோடு போய்விடுகின்றன.

மேற்கூறிய நிலையில் பெரும்பாலும் தட்டு கெட்டிருப்பதில்லை என்பதே இங்கு முதலில் அறிய வேண்டுவது. அதிலுள்ள கோப்புகள் அனைத்தும் வைத்தது வைத்தபடியே இருக்கும். அவற்றைப் படித்துக் கொடுக்கவேண்டிய ஒரு சிறு நிரல் மட்டும் உரிய நேரத்திற் கிடைக்கவில்லை.

இரு முறைகள்

வன்தட்டு தான் ஏந்தியுள்ள செய்தியை நேரே மையச் செயலகத்திடம் கொடுப்பதில்லை. இரண்டுக்கும் இடையே கன்ட்ரோலர் எனப்படும் கட்டுப்படுத்தி அமைந்துள்ளது. இன்ன இடத்திலுள்ளதைப் படி, இன்ன இடத்தில் எழுது என்னும் ஆணைகளை அதுவே பெற்றுத் தட்டினிடம் சேர்ப்பிக்கிறது. அக்கட்டுப்படுத்திக்குப் புரியும் வகையில் ஆணையிடத் தெரிந்த நிரலுக்கு டிரைவர் என்று பெயர்.

1984-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பி.சி./ஏ.டி. என்னும் கணிப்பொறியிற் கட்டுப்படுத்தி ஒரு தனி அட்டையாக இருந்தது. 1986-ஐ ஒட்டி அதன் பெரும் பகுதி தட்டின் மீதே அமைக்கப்பட்டு, ஐ.டி.ஈ. என்ற பெயர் பெற்றது. ஆயினும் ஆணையிடும் முறை 1984-இல் வகுத்தபடியே இருந்துவந்தது. எந்த நிறுவனம் செய்த தட்டாயினும், எந்த நிறுவனம் செய்த மதர்போர்டாயினும், ஒரே டிரைவர் போதுமானதாக இருந்ததற்கு இதுவே காரணம். நாற்பது முனைகளுள்ள அகன்ற பட்டை நாடாவைப் பார்த்தவர்க்கு இம்முறை நினைவிருக்கும்.

2003-இல் சாட்டா என்னும் மெல்லிய ஏழு கம்பி இணைப்பு வந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 2004-இல், அவ்விணைப்பை முழுமையாகப் பயன்படுத்துவதற்கென ஏ.எச்.சி.ஐ. என்னும் ஆணை முறையை இன்டெல் நிறுவனம் வெளியிட்டது. பழைய முறையில் தட்டினிடம் ஒரு நேரத்தில் ஓர் ஆணைதான் கொடுக்க இயலும்; அது முடிந்த பின்னரே அடுத்தது. புதிய முறையில் 32 ஆணைகள் வரை வரிசையாகக் கொடுத்து வைக்கலாம். படிக்கும் முனை எங்கே நிற்கிறதோ, அதற்கு அண்மையிலுள்ளதை முதலில் முடித்துக்கொள்ளும் உரிமை தட்டுக்கே விடப்படுகிறது. தபாற்காரர் கடிதங்களை வந்த வரிசைப்படி கொடுக்காமல், தெரு வரிசைப்படி அடுக்கிக்கொண்டு புறப்படுவது போன்றது இது.

நிற்க. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பிறக்கப்போகும் ஒரு முறைக்கான டிரைவர் அதனுள் இருந்திருக்க வழியில்லை. ஆதலின் மதர்போர்டு செய்வோர் ஓர் ஏற்பாடு செய்தனர். பயாஸ் எனப்படும் தொடக்க நிரலின் அமைப்புப் பக்கத்தில், சாட்டாக் கட்டுப்படுத்தி எம்முறையில் நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க இடம் வைத்தனர். ‘ஐ.டி.ஈ.’ என்று தேர்ந்தெடுத்தால், அது 1984-ஆம் ஆண்டின் பழைய கட்டுப்படுத்தியைப் போலவே நடிக்கும், ‘ஏ.எச்.சி.ஐ.’ என்று தேர்ந்தெடுத்தால் தன் உண்மை உருவோடு தோன்றும். சில பொறிகளில் ‘ரெய்ட்’ என மூன்றாவதொன்றும் உண்டு. கம்பி சாட்டாவாக இருப்பதனாலேயே முறையும் ஏ.எச்.சி.ஐ. ஆகத்தான் இருக்கும் எனக் கருதுதல் தவறாகும். கம்பி வேறு, ஆணை முறை வேறு. இக்குழப்பம் அனுபவம் மிக்க தொழிலாளரிடமும் காணப்படுகிறது.

பயாஸில் ஒரு சொல்லை மாற்றினால் என்ன நேர்கிறது என்பது கவனிக்கத்தக்கது. கணிப்பொறியில் உள்ள ஒவ்வொரு சாதனமும், தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும், தன் வகையைக் காட்டும் எண்ணையும் அறிவிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலகத்தின் பெயரே அது. சாதன வகைகளில் 0101 என்பது ஐ.டி.ஈ. கட்டுப்படுத்தியையும், 0106 என்பது சாட்டாக் கட்டுப்படுத்தியையும் குறிக்கும். பயாஸில் முறையை மாற்றியவுடன், மதர்போர்டில் உள்ள அதே சில்லு தன் எண்களை மாற்றிச் சொல்லத் தொடங்கும். 2005-இல் வந்த இன்டெலின் ஐ.சி.எச். 7 வரிசையில் இரு முறைகளையும் ஏற்கும் சில்லுகள் சில உண்டு. அவை ஐ.டி.ஈ. முறையில் 27சி0 என்றும், ஏ.எச்.சி.ஐ. முறையில் 27சி1 என்றும் தம்மை அறிவிக்கும். விண்டோஸ் எண்ணைப் பார்த்தே டிரைவரைத் தேடுவதால், அதன் கண்ணுக்கு இவை இரு வேறு சாதனங்களாகும்.

பொறுப்புக் கைமாறும் நேரம்

தட்டைப் படிக்க இயலவில்லையென்றால், விண்டோஸின் சின்னம் திரையில் தோன்றியது எவ்வாறு என்னும் வினா எழுதல் இயல்பு. அச்சின்னமும் தட்டில் உள்ளதுதானே?

இதற்கு விடை, கணிப்பொறி தொடங்கும் ஒழுங்கில் உள்ளது. பொறிக்கு மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது பயாஸ். தன் மதர்போர்டில் உள்ள கட்டுப்படுத்தியின் எல்லா முறைகளையும் அது அறியும். விண்டோஸின் தொடக்கப் பகுதிகள் பயாஸின் உதவியைக் கொண்டே தட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றப்படுகின்றன. போதுமான பகுதிகள் ஏறியதும், பயாஸை ஒதுக்கிவிட்டு விண்டோஸ் தன் சொந்த டிரைவர்களைக் கொண்டு வேலையைத் தொடங்குகிறது. நீலத்திரை தோன்றுவது இக்கணத்திலேதான்.

பண்டகசாலை ஒன்றில் புதிய அதிகாரி பொறுப்பேற்பதாகக் கொள்வோம். பழைய காவலர் வாயிலைத் திறந்துவிட்டு, ஒரு சாவிக் கொத்தை அவரிடம் ஒப்படைத்து வீடு திரும்புகிறார். அதிகாரி உள்ளே சென்று பதிவேட்டு அறையைத் திறக்க முயன்றால், கொத்திலுள்ள சாவி எதுவும் பூட்டுக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் சாவி அப்பண்டகசாலையில் இல்லவே இல்லையெனின், அது விண்டோஸ் எக்ஸ்பியின் நிலை. சாவி இருக்கிறது, ஆனால் பூட்டிய அறையின் உள்ளே மாட்டியிருக்கிறது எனின், அது விண்டோஸ் 7-இன் நிலை. இரண்டிலும் பதிவேடுகளுக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை.

விண்டோஸ் 7-இல் ஏ.எச்.சி.ஐ. டிரைவர் உண்டு. ஆனால் நிறுவும்பொழுது பொறி ஐ.டி.ஈ. முறையில் இருந்திருக்குமாயின், இந்த டிரைவர் இப்போதைக்கு வேண்டியதில்லை எனக் கருதி, தொடக்கத்தில் ஏற்றவேண்டியவற்றின் பட்டியலில் அதனைச் சேர்க்காமல் விட்டுவிடும். பின்னர் பயாஸில் முறை மாறினால் தட்டைத் திறக்க முடியாமற் போகும். பாதுகாப்பு நிலையில் தொடங்கினும் பயனில்லை.

மின்கலம் தீர்ந்த பொறி

யாரும் பயாஸைத் தொடாதபொழுது முறை மாறுவது எவ்வாறு? இதற்குப் பொதுவான காரணம் மதர்போர்டில் உள்ள சிறு மின்கலம். சி.ஆர். 2032 எனக் கடைகளில் வழங்கும், நாணயம் போன்ற, 3 வோல்ட் மின்கலம் அது. பொறிக்கு மின்சாரம் இல்லாத நேரங்களிற் கடிகாரத்தை ஓட்டுவதும், பயாஸில் செய்த தேர்வுகளைக் காத்து வைப்பதும் அதன் கடமை. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். கோடை விடுமுறையில் மின்னிணைப்பு அகற்றப்பட்டிருந்த பொறியை மீண்டும் இயக்கும்பொழுது, பயாஸ் தன் தேர்வுகளை மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்பியிருக்கும். அந்நிலை சில பொறிகளில் ஏ.எச்.சி.ஐ.; சிலவற்றில் ஐ.டி.ஈ.; அலுவலகங்களுக்கென விற்கப்படும் சிலவற்றில் ரெய்ட். விண்டோஸ் நிறுவப்பட்ட முறை வேறாயின், மறுநாட் காலை நீலத்திரைதான்.

ஆகவே இக்கோளாறு நேர்ந்த பொறியில் முதலிற் பார்க்கவேண்டியது தேதியை. பயாஸின் அமைப்புப் பக்கத்திற்குச் சென்றால் (தொடங்கும்பொழுது டெலீட் அல்லது எஃப் 2 விசையை அழுத்தினால் பெரும்பாலான பொறிகளில் அப்பக்கம் திறக்கும்) தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருக்கக் காணலாம். அவ்வாறாயின் மின்கலமே குற்றவாளி என ஏறக்குறைய உறுதியாகக் கூறிவிடலாம். அதே பக்கத்தில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் காணப்படுகின்றனவா என்று நோக்கவேண்டும். காணப்பட்டால், கம்பியும் மின்சாரமும் தட்டின் சுழற்சியும் சரியாக உள்ளன என்பது பொருள். பெயரே இல்லையெனின், அல்லது தட்டிலிருந்து இடைவிடாது தட்டும் ஓசை கேட்குமெனின், அது வேறு நோய். இங்கு கூறும் மருந்து அதற்குப் பயன்படாது.

அடுத்து, சாட்டா முறை இப்போது எவ்வாறுள்ளது என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு, மற்றதற்கு மாற்றிச் சேமித்துப் பொறியைத் தொடங்கிப் பார்க்கலாம். ஒற்றைத் தட்டுள்ள பொறியில் ஐ.டி.ஈ.க்கும் ஏ.எச்.சி.ஐ.க்கும் இடையே இவ்வாறு மாற்றுவதனாற் கோப்புகளுக்குக் கேடு விளையாது. விண்டோஸ் வழக்கம்போல் திறந்துவிடுமாயின் வேலை முடிந்தது. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின் மின்கலத்தை மாற்றி, தேதியையும் முறையையும் மீண்டும் சரிபார்ப்பது ஒன்றே எஞ்சும். இரு தட்டுக்களைச் சேர்த்து ரெய்டாக அமைத்த பொறிகளில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. அங்கே புதிய தொகுதி உருவாக்கலாமா என்று கேட்கும் திரைகளுக்கு ஒருபோதும் இசைவு தரலாகாது.

திரையிலுள்ள எண்ணைப் படிக்குமுன் பொறி தானே மறுபடி தொடங்கிவிடுமானால், தொடக்கத்தில் எஃப் 8 விசையை அழுத்தி, பிழை நேர்ந்ததும் தானாக மறுபடி தொடங்குவதை நிறுத்தும் வரியைத் தேர்ந்தெடுக்கவேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ளாமற் செய்யும் சிகிச்சை இருட்டில் நடப்பதற்கு ஒப்பாகும்.

முறையை மாற்றியும் பயனில்லையெனின், வேறெதுவும் செய்வதற்கு முன் கோப்புகளை நகலெடுத்தல் வேண்டும். குறுந்தகட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேரே இயங்கும் லினக்ஸ் இதற்கு மிக ஏற்றது. சி-டாக் நிறுவனம் 2007-இல் முதன்முதல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் இரு முறைகளுக்கும் உரிய டிரைவர்கள் ஒருங்கே அமைந்துள்ளன. ஆதலின் பயாஸில் எம்முறை இருப்பினும் அவை தட்டைத் திறந்து காட்டும். கோப்புகள் அங்கே தெரிவதைக் கண்ணாற் கண்ட பின்னர், தட்டு கெட்டுவிட்டது என்று எவரும் வாதிட இயலாது. நகல் வேறொரு தட்டில் சேரும் வரை ஃபார்மட் என்னும் பேச்சுக்கே இடமில்லை.

எக்ஸ்பியைப் புதிதாக நிறுவுதல்

விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிவடைந்தது. எனினும் ஆய்வுக்கூடக் கருவிகள் சிலவற்றின் நிரல்கள் அதில் மட்டுமே இயங்குவதால் அதனை வைத்திருக்க வேண்டிய அலுவலகங்கள் உண்டு. அத்தகைய பொறி இணையத்தோடு இணைக்கப்படாதிருத்தல் நலம்.

ஏ.எச்.சி.ஐ. முறையில் உள்ள பொறியில் எக்ஸ்பியை நிறுவ முயன்றால், வன்தட்டு எதுவும் காணப்படவில்லை என்று அறிவித்து நிறுவும் நிரல் நின்றுவிடும். இதற்கென அதன் ஆசிரியர்கள் வைத்த வழி, தொடக்கத்தில் எஃப் 6 விசையை அழுத்தி, கட்டுப்படுத்தியைச் செய்தவர் அளித்த டிரைவரை ஃப்ளாப்பி வட்டிலிருந்து கொடுப்பதாகும். ஃப்ளாப்பி தவிர வேறெதையும் அது ஏற்காது. ஃப்ளாப்பி மறைந்துகொண்டிருந்த காலத்தில் அதனையே கட்டாயமாக்கிய இவ்வேற்பாடு எத்தனை பேரை அலைக்கழித்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. டிரைவரை நிறுவும் குறுந்தகட்டினுள்ளேயே சேர்த்துப் புதுத் தகடு தயாரிப்பது மற்றொரு வழி. ஐ.டி.ஈ. முறை இல்லாத சில மடிக்கணினிகளுக்கு இது ஒன்றே வழி.

ஆனால் பயாஸில் ஐ.டி.ஈ. முறை உள்ள பொறிக்கு இச்சிரமம் எதற்கு? ஐ.டி.ஈ. என்று மாற்றிவிட்டு நிறுவினால் எக்ஸ்பி எவ்விதத் தடையுமின்றி ஏறிவிடும். வரிசையாக ஆணையிடும் வசதி கைநழுவிப் போகும் என்பது உண்மையே. ஒருவர் அமர்ந்து கடிதம் தட்டச்சு செய்யும் பொறியில் அவ்விழப்பை உணர்வது அரிது.

விண்டோஸ் 7 உள்ள பொறியை ஐ.டி.ஈ.யிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்ற விரும்புவோர், முறையை மாற்றுவதற்கு முன்பே விண்டோஸினுள் ஒரு திருத்தம் செய்யவேண்டும். ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டில் சர்வீசஸ் பகுதியின் கீழ் எம்.எஸ்.ஏ.எச்.சி.ஐ. என்ற தலைப்பு உண்டு. அதிலுள்ள ‘ஸ்டார்ட்’ என்னும் எண் 3 ஆக இருந்தால் 0 ஆக்கவேண்டும். தொடக்கத்திலேயே ஏற்றுக என்பது 0-வின் பொருள். சாவியைப் பூட்டிய அறையிலிருந்து எடுத்துக் காவலரின் கொத்திற் கோப்பதற்கு இது சமம். முறையை மாற்றி நீலத்திரையைக் கண்டுவிட்டவரும் கலங்க வேண்டியதில்லை. பழைய முறைக்கே திரும்பி, விண்டோஸைத் திறந்து, இத்திருத்தத்தைச் செய்து, மறுபடியும் மாற்றலாம். விண்டோஸ் 8 முதலானவற்றில் பதிவேட்டைத் தொடாமலேயே, அடுத்த தொடக்கம் பாதுகாப்பு நிலையில் நிகழுமாறு குறித்துவிட்டு, அத்தொடக்கத்தின்பொழுது முறையை மாற்றினால், உரிய டிரைவரை அதுவே ஏற்றுக்கொள்ளும். பின்னர் அக்குறியை நீக்கிவிடலாம்.

டிரைவர் பொருந்தாமையாற் கோப்புகளுக்கு உண்மையாகவே ஆபத்து நேரும் இடம் ஒன்று உண்டு. 2001-இல் வெளிவந்த நிலையிலுள்ள எக்ஸ்பி, தட்டின் இடங்களை 28 இருமஎண் இலக்கங்களைக் கொண்டே எண்ணியது. அவ்வளவில் அடங்குவது சுமார் 137 ஜிகாபைட் மட்டுமே. 2002-இல் வந்த முதல் திருத்தத் தொகுப்பு இவ்வெல்லையை அகற்றியது. அத்தொகுப்பில்லாத பழைய குறுந்தகட்டைக் கொண்டு நிறுவிய பொறியில், வேறிடத்தில் பயன்படுத்திய பெரிய தட்டைப் பூட்டி எழுதலாகாது. அப்பொறி எல்லையைக் கடக்கும்பொழுது, ஏற்கெனவே உள்ளவற்றின் மீதே எழுதிவிடக்கூடும்.

மதர்போர்டு பழுதாகி வேறொன்றைப் பொருத்தும்பொழுதும் இதே நீலத்திரை தோன்றலாம். எக்ஸ்பி, தொடக்கத்திற்கு இன்றியமையாத சாதனங்களின் எண்களைத் தனக்குள் ஒரு பட்டியலாக வைத்துள்ளது. புதிய கட்டுப்படுத்தியின் எண் அப்பட்டியலில் இல்லையெனின் பழைய டிரைவரைக்கூட அது அழைக்காது. புதிய மதர்போர்டிலும் ஐ.டி.ஈ. முறையைத் தேர்ந்து, பின்னர் நிறுவும் தகட்டிலுள்ள ‘பழுது நீக்கி நிறுவுதல்’ என்னும் வழியைக் கையாண்டால், கோப்புகளை இழக்காமற் பட்டியல் புதுப்பிக்கப்படும். அப்பொழுதும் நகல் முன்னதாக எடுத்திருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் காட்ட விரும்பின், முக்கியக் கோப்புகள் இல்லாததும் இரு முறைகளும் உள்ளதுமான பொறியொன்றில் லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து இயக்கி, சாதனங்களின் பட்டியலில் கட்டுப்படுத்தியின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் செய்யலாம். பின்னர் பயாஸில் முறையை மாற்றி மீண்டும் அதே பட்டியலைத் திறந்தால், திருகாணி ஒன்றுகூடக் கழற்றப்படாத பொறியில் எண் மாறியிருப்பதை அவர்களே காண்பர். பாடம் முடிந்ததும் முறையைப் பழையபடி வைத்து, அதனை ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி வைக்கவேண்டும். மின்கலம் மாற்றிய தேதியையும் அத்தாளிலேயே குறிக்கலாம்.